ஒரகடத்துப் பூத வண்டிகள்

ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கேயுள்ள ஒரகடத்தில் சுரங்கம் ஒன்றும் இல்லை. ஆயினும் சுரங்கத் தொழிலின் வருங்காலத்தை அறிய விரும்புவோர் அங்கே செல்வது நலம் என்று நாம் கூறினால் நேயர்கள் நகைக்கலாகாது. கொமாட்சு என்னும் ஜப்பானியக் கம்பெனி, ஒரே நடையில் ஏறக்குறைய நூறு டன் சுமக்கவல்ல டம்பர் வண்டிகளை அவ்வூர்த் தொழிற்சாலையில் நிர்மாணித்து வருகிறது.

அக்கம்பெனியின் பூர்வ சரித்திரம் கவனிக்கத் தக்கது. 1917ல் ஜப்பானில் ஒரு சுரங்க முதலாளி, தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்துகொள்ள ஓர் இரும்புப் பட்டறை வைத்தார். அப்பட்டறையே 1921ல் தனிக் கம்பெனியாகி, இன்று உலகெங்கும் யந்திரங்களை விற்கிறது.

நமக்குச் சுரங்கம் இல்லாமற் போயிற்றா? கோலார் தங்கவயலில் 1880களிலேயே ஜான் டெய்லர் கம்பெனியார் வேலை தொடங்கினர். வட ஆற்காட்டிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பூமிக்குள் மூன்று கிலோமீட்டர் ஆழம் வரை இறங்கினர். சிவசமுத்திரத்து நீர்வீழ்ச்சியினின்று மின்சாரம் 1902லேயே அங்கு வந்து சேர்ந்தது. புதுமை வரத் தாமதித்ததேயில்லை. வந்த வித்தைதான் உழைத்தவன் கையில் தங்கவில்லை. 2001ல் சுரங்கம் மூடப்பட்டபோது அவனுக்கு மிஞ்சியது தகரக் கூரையும் இருமலுமே. பொதுத் துறையைச் சேர்ந்த பி.இ.எம்.எல். நிறுவனம் அவ்வூரில் மண் வாரும் யந்திரங்கள் செய்துவருவதை நாம் மறைக்கவில்லை. ஆனால் அந்நிறுவனம் பிறந்ததே 1964ல்!

நெய்வேலியின் கதை சற்று வேறு. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரிய பொருள் தென்பட்டது. 1956ல் கம்பெனி ஏற்பட்டது. பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்துடன் நிற்கும் நீரை ஓயாது இறைத்தாலன்றிச் சுரங்கமே மிதந்துவிடும். ஜெர்மனியிலிருந்து வந்த ராட்சத வாளிச் சக்கர யந்திரங்களை இயக்கவும் பழுது பார்க்கவும் நம்மவர் கற்றனர். இது பெருமைக்குரியதே. ஆனால் 2023 ஜூலையில் வளையமாதேவியில் கதிர் வரும் பயிரின்மேல் யந்திரம் ஏறியதும் அதே நெய்வேலியின் பொருட்டுத்தான். நிலம் முன்னரே ஆர்ஜிதம் செய்யப்பட்டது என்பது கம்பெனியின் வாதம். சட்டம் பயின்ற நாம் அவ்வாதத்தின் வலுவை அறிவோம்; அறுவடை வரை பொறுப்பதைத் தடுக்கும் சட்டம் எதையும் நாம் அறியோம்.

இப்பொழுது வேறொரு மாறுதல் வந்திருக்கிறது. சிலி தேசத்துச் செப்புச் சுரங்கத்தில் 2008 முதல் கொமாட்சு வண்டிகள் ஓட்டுநர் இன்றியே ஓடுகின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் இரும்புச் சுரங்கங்களை, ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் தூரத்திலுள்ள பெர்த் நகரில் அமர்ந்து நடத்துகின்றனர். வெடிமருந்தும் புழுதியும் சூழ்ந்த இடத்தில் மனிதன் நில்லாதிருப்பது நன்மையே. அதை எதிர்ப்பது அறியாமை. ஆனால் வண்டியின் சக்கரத்தை முடுக்குபவன் ஒருவன், அதன் மூளையை அமைப்பவன் மற்றொருவன் என்றால், கூலி மிகுவது எவனுக்கு?

கிண்டியில் சுரங்கப் பொறியியல் கற்பிக்கிறார்கள். நெய்வேலியில் சுரங்கம் இருக்கிறது. ஒரகடத்தில் வண்டி பிறக்கிறது. மூன்றும் ஒரு பகற் பிரயாணத்துக்குள் அடங்கியவை. சிப்காட் பேட்டை அமைத்து, நிலமும் சாலையும் கொடுத்து அந்நியக் கம்பெனிகளை அழைக்கும் சர்க்கார், அவ்வண்டிகளின் கணித நுட்பத்தை நம் மாணவர் ஒரகடத்திலேயே கற்க வேண்டுமென்பதையும் ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்தாகச் சேர்க்கட்டும். அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் இதை நம் பிரதிநிதிகளில் ஒருவரேனும் கேட்பாரா?