எருக்கலைப் பேன்

எங்கள் ஊர்ப் பெயரிலேயே எருக்கலை இருக்கிறது. 1990 ஒக்டோபரில் நாங்கள் வெளியேற்றப்பட்ட பிறகு வளவை ஆண்டதும் அதுதான். புத்தளத்திலிருந்து திரும்பி வந்து துப்புரவாக்குகையில், இளந்தளிரின் அடியில் மஞ்சள் மஞ்சளாக ஏதோ அப்பிக் கிடந்தது. "இது மிளகாய்க் கண்டுக்கும் வரும், வெட்டிப் போடு மகன்" என்றா உம்மா.

உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். 2 மில்லிமீற்றர் வருமோ என்னவோ. உடல் மஞ்சள், கால், உணர்கொம்பு கறுப்பு, பின்புறம் இரண்டு கறுப்புக் குழல்கள். இந்த அடையாளங்கள் ஏபிஸ் நீரியை என்னும் அழுக்கணவனுக்குரியவை. பெரும்பாலும் எருக்கு, அலரிக் குடும்பத்திலேயே அது தங்கும். மிளகாயைத் தாக்குபவை வேறு இனங்கள். ஆணின்றியே பெண் குட்டி ஈனும். நெருக்கம் கூடினால் சிறகுள்ளவை உண்டாகி வேறு செடி தேடும். எருக்கின் நஞ்சையும் உடலில் சேமித்துக்கொள்ளும்.

சாற்றில் சீனி அதிகம், புரதச் சத்து சொற்பம். ஆகவே நிறையக் குடித்து, மிஞ்சும் இனிப்பைக் கழிக்கிறது. எறும்பு சுற்றுவது அதற்குத்தான். 1927இல் சீனாய்ப் பாலைக்குச் சென்ற விலங்கியலாளர் போடன்ஹைமர், அங்கே 'மன்' என்று பொறுக்கப்படும் இனிப்பு மணிகளும் மரச்சாறு குடிக்கும் பூச்சிகளின் கழிவே என்று கண்டார். அல்குர்ஆன் சொல்லும் 'மன்னு' இதுதான் என்று சிலர் அடித்துச் சொல்வார்கள்; எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

உம்மா எல்லாவற்றையும் வெட்டுவித்தா. வேலியோரத்தில் ஒன்றை மட்டும், பூச்சியோடு, விட்டிருக்கிறா.