நிலத்தைத் தொடாத கோபுரம்

பங்குனி சித்திரையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் புத்தளம் கரையோரத்தில் பின்னேரம் வானம் கறுத்தால் இடி முழக்கம் நிச்சயம். தென்னைக்கு அடுத்தபடியாக அந்த இடி தேடுவது கோபுரங்களைத்தான்.

கைத்தொலைபேசிக் கோபுரம் என்றால் பிரச்சினை குறைவு. அதன் கால்கள் புவியோடு இணைந்தவை. விழுந்த மின்னல் இரும்பு வழியே மண்ணுக்குள் போய்விடும். மத்திய அலை வானொலிக்கு அப்படி முடியாது. 882 கிலோஹேர்ட்ஸில் இந்தியாவை நோக்கி ஒலிபரப்ப டிரான்ஸ் வேர்ல்ட் ரேடியோ புத்தளத்தில் 400 கிலோவாட் நிலையத்தை அமைத்தது. இந்த வகை ஒலிபரப்பில் பெரும்பாலும் கோபுரமே அன்டெனா. மண்ணைத் தொட்டால் அலை மண்ணோடு போய்விடும் என்பதால், பல தொன் இரும்பைப் பீங்கான் காவலி ஒன்றின்மேல் நிறுத்துகிறார்கள். மின்னல் விழுந்தால் முதலில் வெடிப்பது அந்தக் காவலிதான்.

அதைக் காப்பவை இரண்டு உலோக உருண்டைகள். ஒன்று கோபுரத்தோடும் மற்றது புவியோடும் இணைந்திருக்கும். நடுவில் சிறிய இடைவெளி. ஒலிபரப்பின் மின்னழுத்தத்தால் அதைத் தாண்ட முடியாது, மின்னல் தாண்டிவிடும். எனக்குப் பிடித்த நுட்பம் அதற்குப் பிறகு வருவது. மின்னல் போன பின்னும் அந்தப் பொறி அணையாது. டிரான்ஸ்மிட்டரின் சொந்த வலுவே அதை எரிய வைக்கும். ஆகவே கோபுரத்திலிருந்து வலு திரும்பி வருவதை உணர்ந்ததும் டிரான்ஸ்மிட்டர் கண நேரம் தானாக நின்றுவிடும். பொறி அணையும், ஒலிபரப்பு மீளும். கேட்பவருக்குப் பாட்டில் ஒரு சிறு வெட்டு, அவ்வளவுதான்.

மீதி வேலை மண்ணுடையது. கோபுரத்தின் அடியிலிருந்து வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போல் செப்புக் கம்பிகளைப் புதைப்பார்கள். வழக்கமான கணக்கு 120 கம்பிகள். 882 கிலோஹேர்ட்ஸுக்குக் கால் அலைநீளம் என்றால் ஒவ்வொன்றும் சுமார் 85 மீற்றர். கற்பிட்டியின் காய்ந்த மணல் மின்சாரத்தை எளிதில் வாங்காது. களப்போரத்து உப்பு மண் நன்றாக வாங்கும், ஆனால் இணைப்புகளை அரித்துத் தின்னும். அதனால் ஒவ்வோர் ஆண்டும் இணைப்புகளைத் திறந்து பார்த்தே ஆகவேண்டும்.

புவித்தொடுப்பின் தடை 10 ஓம் என்று வையுங்கள். 30,000 அம்பியர் பாயும் சாதாரண மின்னலே அந்த இடத்தை ஒரு கணம் 3 இலட்சம் வோல்ட்டுக்கு உயர்த்திவிடும். கோபுரத்துக்கு ஒரு புவித்தொடுப்பு, மின்னிணைப்புக்கு இன்னொன்று என்று தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் இடையிலான மின்னழுத்த வித்தியாசம் கருவிகளின்மேல் விழும். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிணைத்தால் கருவிகள் சேர்ந்தே உயர்ந்து சேர்ந்தே தணியும்.

வீட்டு டிவிக்கும் ரௌட்டருக்கும் இதே விதிதான். முறையான புவித்தொடுப்பு இல்லாத வீட்டில் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்புப் பிளக்கை நம்பவேண்டாம். அன்டெனா வயரையும் மின் பிளக்கையும் வானம் கறுக்கும்போதே கழற்றிவிடுங்கள். இடி கேட்கத் தொடங்கிய பின் அவற்றில் கை வைக்காதீர்கள்.