நன்கொடை இயக்கம்: அறிவிப்பு வெளியாகும் முன்பே பாதி இலக்கை எட்ட வேண்டியது ஏன்?

புதுதில்லி: இன்ஃபோசிஸ் இணை நிறுவனர் நந்தன் நிலேகனி, தாம் பயின்ற மும்பை ஐஐடிக்கு 315 கோடி ரூபாய் வழங்குவதாக 2023 ஜூன் மாதம் அறிவித்தார். அவர் அந்நிறுவனத்தில் மாணவராகச் சேர்ந்து 50 ஆண்டுகள் நிறைவடைந்ததையொட்டி இத்தொகை அளிக்கப்பட்டது. அதற்கு முன்பே அவர் 85 கோடி ரூபாய் வழங்கியிருந்தார் என்பது தலைப்புச் செய்திகளில் பெரிதாக இடம்பெறவில்லை. நிதி திரட்டுவோர் கவனிக்க வேண்டியது இந்த இரண்டாவது தகவலைத்தான். பெருந்தொகை அளிப்பவர் பெரும்பாலும் ஏற்கெனவே சிறிய அளவில் அளித்து, அப்பணம் செலவான விதத்தைக் கண்டவராகவே இருக்கிறார்.

பல்கலைக்கழகங்களும் தொண்டு நிறுவனங்களும் பொதுவாகச் செய்யும் பிழை, முதலில் விழா எடுத்து இலக்கை அறிவித்துவிட்டு, அதன் பின்னர் நன்கொடையாளர்களைத் தேடுவது. அனுபவம் மிக்க நிறுவனங்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. இலக்கில் ஏறத்தாழ பாதித் தொகைக்கான உறுதிமொழி தனிப்பட்ட சந்திப்புகளின் வாயிலாகக் கிடைத்த பிறகே பொது அறிவிப்பு வெளியிடப்படுகிறது.

இதன் காரணத்தை ஓர் எளிய கணக்கு விளக்கும். ஒரு கல்லூரிக்கு 10 கோடி ரூபாய் தேவை என்று கொள்வோம். ஒருவர் 2 கோடி, இருவர் தலா 1 கோடி, நால்வர் தலா 50 லட்சம், பத்துப் பேர் தலா 20 லட்சம் வழங்கினால் 17 பேரிடமிருந்தே 8 கோடி ரூபாய் சேர்ந்துவிடும். எஞ்சிய 2 கோடிக்கு, தலா 10,000 ரூபாய் அளிக்கும் 2,000 பேர் தேவை. அணுகுவோரில் மூவருக்கு ஒருவரே இசைவார் என்று வைத்துக்கொண்டாலும், அந்த 17 பேரைப் பெற ஐம்பதுக்கும் மேற்பட்டோரை நேரில் சந்தித்தாக வேண்டும். அத்தனை பெயர்களை எழுத இயலாத நிறுவனம், இலக்கைக் குறைத்துக்கொள்வதே நேர்மையானது.

இம்முறை இந்தியாவுக்குப் புதியதன்று. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்காக ஒரு கோடி ரூபாய் இலக்குடன் புறப்பட்ட மதன் மோகன் மாளவியா, வெறும் கனவை மட்டும் முன்வைக்கவில்லை. அன்னி பெசன்ட் 1898-இல் தொடங்கிய மத்திய இந்துக் கல்லூரி அத்திட்டத்தின் கருவாக அமைந்தது. 1911-இல் உருவான இந்துப் பல்கலைக்கழகச் சங்கத்துக்குத் தர்பங்கா மகாராஜா ராமேஸ்வர் சிங் தலைமையேற்றார். காசி மன்னர் நிலம் அளித்தார். மன்னர்களே முன்வந்துவிட்டதைக் கண்ட பிறரும் தயக்கமின்றிக் கொடுத்தனர். 1916 பிப்ரவரி 4-ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது.

காலத் தேர்வும் முக்கியமானது. மும்பை ஐஐடியின் 1998-ஆம் ஆண்டு மாணவர்கள் தங்கள் வெள்ளிவிழாவையொட்டி 57 கோடி ரூபாய் திரட்டினர். படிப்பை முடித்து 25 ஆண்டுகள் என்பது பலரும் பணியில் உயர்நிலையை எட்டியிருக்கும் காலம். மேலும், கேட்பவர் நிறுவன அதிகாரி அல்லர், உடன் படித்த நண்பர். நண்பரின் தொலைபேசி அழைப்பை யாரும் எளிதில் தட்டிக்கழிப்பதில்லை.

பல இயக்கங்கள் இடறி விழுவது சட்ட நடைமுறைகளில்தான். ஒரே வகுப்பில் படித்து, இப்போது அமெரிக்காவில் வசிக்கும் இருவரை எடுத்துக்கொள்வோம். இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் தமது சொந்தச் சேமிப்பிலிருந்து அளிப்பது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்ட நண்பர் அளிப்பதோ வெளிநாட்டு நன்கொடை. தனியார் கல்லூரியோ தொண்டு நிறுவனமோ அதைப் பெறுவதற்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்ப் பதிவோ முன் அனுமதியோ தேவை. 2020 திருத்தத்தின்படி, அப்பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். அதில் 20 சதவீதத்துக்கு மேல் நிர்வாகச் செலவுக்குப் பயன்படுத்த முடியாது. வேறொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் இயலாது. பணம் வந்த பிறகு இதை அறிந்துகொள்வதில் பயனில்லை.

பெருநிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை நம்பும் அமைப்புகளும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்நிதி திட்டச் செலவுகளுக்கானது. வட்டியில் இயங்கும் நிரந்தர வைப்பு நிதிக்கு அதைக் கோர முடியாது.

உள்நாட்டுச் சிறு நன்கொடையாளருக்கு 80ஜி சான்றிதழ் முக்கியம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக அளித்தால் வரிச் சலுகை கிடையாது என்பதை ரசீது எழுதும் முன்பே அவருக்குச் சொல்லிவிட வேண்டும். நன்கொடை விவரங்களை வருமான வரித் துறையிடம் உரிய காலத்தில் நிறுவனம் தாக்கல் செய்யாவிட்டால், கொடுத்தவரின் சலுகைக் கோரிக்கையும் சிக்கலுக்குள்ளாகும். அவ்வாறு ஏமாற்றமடைந்தவரிடம் அடுத்த ஆண்டு மீண்டும் சென்று கேட்பது கடினம்.