சரசினோரம்

உவர்மலையில் ஒரு பின்னேரம். பக்கத்து வீட்டுப் பொடியன் கைபேசியை நீட்டினான். "அங்கிள், இதை வளர்க்கலாமோ?" திரையில் தென்னாபிரிக்காவின் வளைவாழ் வெல்வெட் சிலந்தி. உடம்பெல்லாம் குட்டை மயிர். பெட்டியில் இருந்து அப்போதுதான் எடுத்த கறுப்பு வெல்வெட் துணி மாதிரி.

வளர்ப்பது சுலபம். ஜாம் போத்தலில் நாலு விரற்கடை காய்ந்த மண், மூடியில் துளை, கிழமைக்கு ஒரு சின்ன வெட்டுக்கிளி, இடைக்கிடை ஒரு துளி தண்ணீர். பார்ப்பதுதான் கஷ்டம். வளைக்குள் இறங்கினால் லேசில் வெளியே வராது. உண்மையில் நீங்கள் வளர்ப்பது ஒரு போத்தல் மண்ணைத்தான்.

அந்தச் சிலந்தியின் உறவுக்காரி நம் தீவிலேயே இருக்கிறாள். அறிவியற் பெயர் ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம். யாரோ சரசின் ஓரமாகக் குந்தியிருப்பதுபோல் காதில் விழும், சங்கதி வேறு. பாசல் நகரத்துப் பவுல் சரசின், ஃபிரிட்ஸ் சரசின் என்ற உறவினர் இருவர் 1883 முதல் 1886 வரை இலங்கையைச் சுற்றிச் சேகரித்தவற்றை ஆராய்ந்த ஜெர்மானியர் ஃபெர்டினான்ட் கார்ஷ், 1892இல் வைத்த பெயர் அது.

இவள் வளை தோண்டுவதில்லை, தனியாகவும் இருப்பதில்லை. முள்ளுப் பற்றைகளில் பத்து முதல் சில நூறு வரை ஒரே கூட்டில் வாழ்கிறார்கள். தூரத்தில் பார்த்தால் முள்ளில் மாட்டிய அழுக்குப் பஞ்சு. கிட்டப் போனால் சருகும் பூச்சிக் கோதும் பின்னிய கூடு, அதில் ஏராளமான நுழைவாசல்கள், சுற்றிலும் விரித்த வலை.

அந்த நூலைத் தொட்டுப் பாருங்கள், பசை இருக்காது. வயிற்றடியில் உள்ள சல்லடைத் தகட்டில் இருந்து வரும் மிக நுண்ணிய இழைகளை, பின்னங்காலில் உள்ள சீப்பு மயிரால் வாரி வாரிக் கம்பளியாக்குகிறாள். பூச்சியின் கால்மயிர் அதில் சிக்கிக்கொள்ளும். பசை இல்லாததால் காய்ந்துபோகும் கவலையும் இல்லை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களுக்கு ஏற்ற வலை. வெட்டுக்கிளி விழுந்தால் நாலைந்து பேர் சேர்ந்து இழுத்து, சேர்ந்தே தின்பார்கள். ஒன்றை மட்டும் பிடித்துப் போத்தலில் போட்டால் இந்தக் கூத்து எதுவும் இல்லை.

கூட்டில் ஆண்கள் கொஞ்சம், பெண்களே அதிகம். குஞ்சு பொரித்ததும் தாய் தன் இரையைக் கரைத்து வாயால் ஊட்டுவாள். ஊட்ட ஊட்ட அவள் குடலும் உள்ளுறுப்புகளும் கரையத் தொடங்கும். கடைசியில் குஞ்சுகள் அவளையே உறிஞ்சிக் குடிக்கும். வெல்வெட் சட்டை மட்டும் வெறுங்கோதாகக் கிடக்கும்.

"அம்மாவையோ?" என்றான் பொடியன். அந்த நேரம் பார்த்து வேலிக்கு அப்பால் இருந்து அவனுடைய அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள்.