காற்று அடித்தால் கப்பல் நிற்கும்! கிரீஸ் தீவுகளுக்குப் போகிறவர்கள் கவனிக்க!

கிரீஸ் நாட்டுத் தீவுகளைச் சுற்றிப்பார்க்கக் கிளம்புகிறவர்கள் பலர், "7 நாளில் 6 தீவு" என்று கணக்குப் போடுகிறார்கள். காகிதத்தில் கணக்கு சரியாகத்தான் வரும். கடலில் போனதும் உதைக்கும்!

அங்கு மக்கள் குடியிருக்கும் தீவுகள் மட்டும் 200-க்கு மேல். கோர்பு தீவு மேற்கே அல்பேனியா பக்கம். ரோட்ஸ் தீவு கிழக்கே துருக்கி பக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் கப்பலில் பார்க்க நினைத்தால் லீவு முழுவதும் வழியிலேயே போய்விடும். ஏதாவது ஒரு தீவுக் கூட்டத்தை எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

அதிகம் பேர் போவது பாரோஸ், நாக்சோஸ், மிக்கோனோஸ், சாந்தோரினி தீவுகளுக்கு. ஏதென்ஸ் நகரை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில் கப்பல் ஏறவேண்டும். சாந்தோரினிக்கு சாதாரணக் கப்பலில் சுமார் 8 மணி நேரம். அதிவேகப் படகில் 5 மணி நேரம் போல ஆகும், கட்டணமும் அதிகம்.

பொல்லாத காற்று

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வடக்கே இருந்து ஒரு காற்று வரும். பெயர் மெல்தெமி. வானம் பளிச்சென்று இருக்கும். மேகமே இராது. ஆனால் கடல் கொந்தளிக்கும்! காற்றின் வேகம் 8-ம் எண்ணைத் தொட்டால் பொதுவாகக் கப்பல் புறப்பட அனுமதி கிடைக்காது. அதிவேகப் படகுகளுக்கு அதற்கு முன்பே தடை வந்துவிடும்.

கப்பல் நின்றால் டிக்கெட் பணம் திரும்பி வரும். அல்லது அடுத்த கப்பலில் இடம் தருவார்கள். ஆனால் ஏதென்சில் விமானம் யாருக்காகவும் காத்திராது! தீவில் கடைசி இரவு தங்கிவிட்டு, காலையில் கப்பல் பிடித்து, மாலையில் விமானம் ஏறலாம் என்று இருப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். விமான டிக்கெட் அம்போ!

தூரத்துத் தீவை முதலில் பார்த்துவிடவேண்டும். சாந்தோரினி, பிறகு நாக்சோஸ், பிறகு பாரோஸ் என்று ஏதென்சை நோக்கித் திரும்பி வரவேண்டும். நாக்சோசுக்கும் பாரோசுக்கும் இடையே ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. கடைசி இரவை ஏதென்சில் வைத்துக்கொண்டால் வயிற்றில் புளியைக் கரைக்காது.

மிக்கோனோஸ் போகிறவர்கள் அரை மணி படகுத் தூரத்தில் உள்ள டெலோஸ் தீவை விடக்கூடாது. அப்போலோ கடவுள் பிறந்த இடம் என்பது கிரேக்கர் நம்பிக்கை. பழைய காலத்தில் அங்கே யாரும் பிறக்கக்கூடாது, சாகக்கூடாது என்று தடை இருந்தது! இப்போதும் பயணிகள் இரவு தங்க முடியாது. படகில் திரும்பிவிடவேண்டும்.

கழுதை சவாரி

சாந்தோரினியில் 2025-ம் ஆண்டு தொடக்கத்தில் பூகம்பம் மேல் பூகம்பமாக வந்து, ஆயிரக்கணக்கானவர்கள் ஊரைவிட்டு வெளியேறினார்கள். எரிமலை வெடித்து உருவான மலைமுகடு அது. பழைய துறைமுகத்தில் இருந்து மேலே போக ஏறக்குறைய 600 படி! கேபிள் காரும் உண்டு, கழுதையும் உண்டு. 100 கிலோவுக்கு மேல் கனம் ஏற்றக்கூடாது என்று கழுதைகளுக்காக 2018-ல் அரசு விதி போட்டது. குண்டானவர்கள் கேபிள் காரில் போகவேண்டியதுதான்!