காவிரி ஆற்றுக்கு வடக்கு: ஒரே வயலுக்கு மூன்று ஜில்லா வந்த கதை

மோகனூர்ப் பக்கம் காவிரிக் கரையில் நாலைந்து தலைமுறையாக நிலம் வைத்திருக்கும் வீட்டில் பழைய பத்திரக் கட்டைப் பிரித்துப் பாருங்கள். ஒரே வயலுக்கு மூன்று ஜில்லாப் பெயர்கள் இருக்கும். 1920களின் கிரயப் பத்திரத்தில் திருச்சிராப்பள்ளி ஜில்லா. 1950களின் பாகப்பிரிவினையில் சேலம் ஜில்லா. 2000க்குப் பிறகு எழுதியதில் நாமக்கல் மாவட்டம். வயல் ஓர் அடிகூட நகரவில்லை. நான்கெல்லை சொல்லும் இடத்தில் ‘காவிரி ஆற்றுக்கு வடக்கு’ என்பது மட்டும் மூன்றிலும் மாறாமல் நிற்கும்.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள, முதலில் ஆற்றைப் பார்க்க வேண்டும்.

ஆறும் நிலமும்

மேட்டூரைத் தாண்டித் தெற்கே இறங்கும் காவிரி, பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் வழியாக வந்து மோகனூரை ஒட்டிக் கிழக்கே போகிறது. இடது கரை நாமக்கல் மாவட்டம். எதிர்க்கரையில் மேலே ஈரோடு, கீழே கரூர். சேர்வராயன் மலையில் பிறந்து சேலம் நகரைக் கடந்து வரும் திருமணிமுத்தாறு, நஞ்சை இடையாற்றில் காவிரியோடு சேர்கிறது.

ஜேடர்பாளையம் அணைக்கட்டில் பிரியும் ராஜவாய்க்காலும் அதைச் சேர்ந்த கொமராபாளையம், பொய்யேரி, மோகனூர் வாய்க்கால்களும்தான் இந்தக் கரைக்கு உயிர். வாய்க்கால் தண்ணீர் பாயும் இடம் நஞ்சை: வெற்றிலைக் கொடிக்கால், வாழை, கோரை. தண்ணீர் ஏறாத மேடு புஞ்சை. ஊர்ப் பெயரிலேயே இந்தக் கணக்கு இருக்கிறது. நஞ்சை இடையாறு ஒரு கிராமம். புஞ்சை இடையாறோ மேல்முகம், கீழ்முகம் என்று இரண்டு. தீர்வை போட வந்தவர்களுக்கு நிலத்தின் தரம்தான் முதல் கேள்வி என்பதை இந்தப் பெயர்களே சொல்லிவிடுகின்றன.

எந்த ஜில்லா, எப்போது?

1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் இந்தப் பகுதியைக் கிழக்கிந்தியக் கும்பினியிடம் விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீட் முதல் கலெக்டர். பின்னாளில் சென்னை கவர்னரான தாமஸ் மன்றோ அப்போது அவருக்குக் கீழே உதவியாளர். உழவரிடமே நேராகத் தீர்வை வாங்கும் ரயத்துவாரி முறைக்கான அளவையும் தீர்வைக் கணக்கும் இந்த மண்ணில்தான் பழகின. சேர்வராயன் மலைத்தொடருக்கு வடக்கே பாராமகால். தெற்கே சேலமும் நாமக்கல்லும் அடங்கிய சமவெளி தாலகாட். 1799இல் திப்பு வீழ்ந்தபின் ஓசூர்ப் பக்கத்துப் பாலகாட்டும் சேர்ந்து பெரிய சேலம் ஜில்லா உருவானது.

1910இல் ஒரு மாற்றம் வந்தது. நாமக்கல் தாலுகா சேலத்திலிருந்து பிரிந்து திருச்சிராப்பள்ளி ஜில்லாவுக்குப் போனது. அக்கரையில் கோயம்புத்தூர் ஜில்லாவிலிருந்த கரூர் தாலுகாவும் அதே ஆண்டு திருச்சிக்கே போனது. அதுவரை இரண்டு ஜில்லாக்களுக்கு எல்லையாக இருந்த காவிரி, இங்கே ஒரே ஜில்லாவின் நடுவே ஓடியது. 1888இல் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை, கரூர், நாமக்கல் இரண்டு வட்டாரங்களிலும் காங்கிரஸ் வேலை செய்தார் என்பதை இந்தப் பின்னணியில் பார்த்தால் நன்றாகப் புரியும்.

1929இல் நாமக்கல் தாலுகா சேலத்துக்கே திரும்பியது. கரூர் திருச்சியிலேயே இருந்தது. ஆறு மறுபடி எல்லையானது. 1965இல் சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது. 1995இல் கரூர் தனி மாவட்டம். 1997 ஜனவரி 1 முதல் நாமக்கல்லும் தனி மாவட்டம்.

கிராமத்துக்குள் நடந்தது

ஜில்லா மாறியதைவிட ஊருக்குள் நடந்த மாற்றங்கள் ஆழமானவை. 1802ஐ ஒட்டி சேலம் ஜில்லாவில் பல கிராமங்கள் ‘மிட்டா’ என்ற எஸ்டேட்டுகளாகக் கட்டப்பட்டு ஏலம் போயின. 1948இல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் எஞ்சிய மிட்டாக்களுக்கு முடிவு கட்டியது. 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர் வந்தார். கணக்கு ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்த காலம் அதோடு போனது.

இதில் உங்களுக்கு என்ன?

பூர்வீகச் சொத்துக்கு ஆவணம் தேடுகிறவர்கள், திருச்சி ஜில்லா என்று எழுதிய பத்திரத்தைக் கண்டு ‘இது நம் நிலம் இல்லை’ என்று ஒதுக்கிவிடக் கூடாது. கிராமப் பெயர், சர்வே எண், நான்கெல்லை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். மறு அளவையில் சர்வே எண்ணும் உட்பிரிவும் மாறியிருக்கலாம் என்பதால், பழைய எண்ணுக்கு இன்றைய எண் எது என்று கேட்டு வாங்குங்கள். வருவாய்க் கிராமம் வேறு, ஊராட்சி வேறு: முதலாவது நிலக் கணக்குக்கு, இரண்டாவது குடிநீருக்கும் தெருவிளக்குக்கும். இரண்டின் எல்லையும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

மோகனூருக்கும் எதிர்க்கரை வாங்கலுக்கும் நடுவே இன்று பாலம் இருக்கிறது, ரயிலும் ஓடுகிறது. முன்பு பரிசலில் போய்வந்த கரை இது. ஊர் வரலாறு எழுத ஆசைப்படும் பிள்ளைகள் வீட்டுப் பரணில் இருக்கும் பத்திரக் கட்டிலிருந்து தொடங்கலாம். கறையான் அரிப்பதற்குள் அதை ஒருமுறை நிழலில் காற்றாட வைத்து, படமும் எடுத்து வையுங்கள். நம் கரையோர ஊர்களின் இருநூறு ஆண்டுக் கதை அந்தத் தாள்களில்தான் இருக்கிறது.