பகலுறக்கமும் இரவு விழிப்பும்

கல்லீரல் சுருக்கம் முற்றியவரின் மஞ்சள் கண்களையும் வயிற்று வீக்கத்தையும் எவரும் காண்பர். அவருடைய அறிவு மங்குவதை முதலில் உணர்பவர் உடனிருப்பவரே.

குடலில் உண்டாகும் அம்மோனியா போன்ற நச்சுகளைப் பழுதுற்ற கல்லீரல் முழுமையாக நீக்குவதில்லை. அவை மூளையை எட்டுகின்றன. பகலுறக்கம், இரவு விழிப்பு, பேச்சுக் குழறல், நீட்டிய கைகள் படபடத்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். அசதி என்றோ, மீண்டும் குடித்துவிட்டார் என்றோ எண்ணிவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை மட்டும் இதைக் கண்டறியப் போதாது. நீங்கள் கண்டு சொல்வதே முதற்சான்று.

வருசநாட்டிலிருந்து கடமலைக்குண்டு வழியாகக் க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடைய நேரமாகும். ஆதலால் மனக்குழப்பம், கருமலம், இரத்த வாந்தி ஆகியவற்றுள் எது தோன்றினும், விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.

மருத்துவர் எழுதித் தந்த லாக்டுலோஸ் மருந்தை, நாளுக்கு 2 அல்லது 3 முறை இளகிய மலம் கழியும் அளவில் கொடுங்கள். உறக்க மாத்திரையை நீங்களாகத் தர வேண்டா. பருப்பையும் முட்டையையும் நிறுத்த வேண்டா. உறங்குமுன் சிற்றுணவு தாருங்கள்.

வலி, அச்சம், கூலியிழப்பு ஆகியவற்றையும் எங்களிடம் கூறுங்கள். நோய் ஆதரவுச் சிகிச்சை இறுதி நாட்களுக்கு மட்டும் உரியதன்று. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அது வீட்டிற்கே வருகிறது.